தம்பியின் சட்டையில் இடது தோள்

என் தம்பிக்கு நாற்காலி மேல் ஏறி நிற்கப் பயம். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் நான் ஏற வேண்டும், இல்லையென்றால் அவன் பெண்சாதி ஏற வேண்டும். அவன் கீழே நின்று நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா பாத்து, அக்கா பாத்து" என்று வேர்த்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவன் செய்கிற வேலை என்ன தெரியுமா? இருநூற்றுப் பன்னிரண்டு படி உள்ள இரும்புக் கோபுரத்தில் ஏறி, உச்சியில் இருக்கிற டிஷ்களையும் கேபிள்களையும் பார்த்துக்கொள்கிற வேலை. கேட்டால், "நாற்காலியில பெல்ட்டு மாட்ட இடமில்லையேக்கா" என்பான்.

கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பல்லி என்று கூப்பிடுவார்கள். இரும்போடு அப்படி ஒட்டிக்கொள்வானாம். கீழே நின்று கயிறு பிடிக்கிற கூட்டாளிக்கு ரேடியோ என்று பேர். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற பித்தானை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் தம்பி ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ரேடியோ ஒரு தேநீருக்குள் பேசி முடித்துவிடுவார். அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

தம்பிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. பதினெட்டில் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போனான். உயரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்க ஆள் வராத ஒரு நாள் இவன் ஏறினான். ஏறினவன் இறங்கி வந்து என்னிடம், "அங்க ஒரே அமைதிக்கா" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் தரையில் வேலை தேடவே இல்லை. ஒரு தடவை மணிக்கட்டு உடைந்து மூன்று மாதம் அவனை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். போல்ட்டு, நட்டு, கம்பிச் சுருள் எடுத்துக் கொடுக்கிற வேலை. வெயில் இல்லை, காற்று இல்லை, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்த வேலை. அந்த மூன்று மாதமும் சாயங்காலம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். காய்ச்சல்காரனுக்கு ஊட்டுகிற மாதிரி அவன் பெண்சாதி சாப்பாட்டை முன்னால் வைத்துக் கெஞ்சுவாள். கட்டுப் பிரித்து மறுபடி கோபுரத்தில் ஏறின அன்றைக்கு மூன்று தட்டு சாப்பிட்டான்.

ஏறுவதற்கு முன் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோபுரத்தின் காலில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பான். நான் அதைக் கும்பிடுகிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் கேட்டால், "இரும்பு சும்மா இருக்கா, முணுமுணுக்குதான்னு பாக்கறேன். முணுமுணுத்தா மேல காத்து ஜாஸ்தி" என்றான். எனக்கென்னவோ அதுவும் கும்பிடுகிற மாதிரிதான் பட்டது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பகுதியில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் கறையைப் படிக்கத் தெரியும். ஒரு போர்வையை விரித்தால் அதில் இருப்பது மருந்தா, ரத்தமா, கஞ்சியா, பேனா மையா என்று சொல்வேன். படுத்திருந்தவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றுகூடச் சொல்வேன். ஊறப் போடுவதற்கு முன் ஒவ்வொரு துணிக்கும், "ஆண்டவனே, இதில் படுத்தவருக்குச் சுகம் கொடு" என்று மனசுக்குள் ஒரு வார்த்தை. அது பழக்கமாகிவிட்டது. வீட்டுத் துணிக்கும் அதையே சொல்லிவிடுகிறேன். தம்பியின் வேலைச் சட்டையை நான்தான் துவைப்பேன். அதில் ஒட்டுகிற பறவை எச்சம் சோப்புக்கு மசியாது. எலுமிச்சைச் சாறு போட்டு ஊற வைக்க வேண்டும்.

பறவை விஷயத்துக்கு வருகிறேன்.

கோபுரம் ஆஸ்பத்திரிக்கு வடக்கே, ஏரிக்கரையை ஒட்டி நிற்கிறது. ஊரின் பாதித் தொலைபேசி அதன் வழியாகத்தான் போகிறது. ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் அதுதான் லைன். உச்சியில் கிழக்கு மேற்காக நீளமான இரும்புச் சட்டங்கள். வருஷம் முழுக்க அதில் புறாக்கள் உட்காரும். அவற்றைத் தம்பியும் கூட்டாளிகளும் உள்ளூர்க்காரர் என்பார்கள். குளிர் தொடங்கினதும் வடக்கேயிருந்து பெரிய கறுப்புப் பறவைகள் கூட்டமாக வரும். கழுத்து நீளம், அலகு நுனியில் ஒரு கொக்கி. ஏரியில் முங்கி மீன் பிடித்துவிட்டுக் கோபுரத்தில் வந்து வரிசையாக உட்காரும். இவை வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் எச்சம் பொட்டுப் பொட்டாக இருக்கும். வெளியூர்க்காரர் எச்சம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினது மாதிரி இருக்கும். மீன் நாற்றம் வேறு.

டிஷ்ஷும் கேபிளும் சேருகிற இடத்தை இவர்கள் கழுத்து என்பார்கள். கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை சுற்றியிருக்கும். எச்சம் விழுந்து விழுந்து அந்தப் பட்டையை அரித்துவிடும். அப்புறம் பனித்தண்ணீர் உள்ளே இறங்கும். லைன் போய்விடும்.

பறவையை விரட்ட இவர்கள் செய்யாததில்லை. ஆணி ஆணியாகக் குத்துக்கம்பி வைத்தார்கள். வெளியூர்க்காரர் அதில் குச்சியைச் செருகி மெத்தை போட்டுக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கில் ஒரு பருந்து வாங்கி உச்சியில் கட்டினார்கள். முதல் நாள் எல்லாம் பயந்தன. மூன்றாம் நாள் ஒன்று போய்ப் பருந்தின் தலைமேலேயே உட்கார்ந்தது. ரேடியோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம்தான் வினை. அப்போது புதிதாக வந்த மேற்பார்வையாளர், "பட்டாசு போடுங்க, ஓடிடும்" என்றார். தம்பி வேண்டாம் என்றானாம். "பறவை பறக்கறதுக்கு முன்னாடி உடம்பை லேசாக்கிக்கும் சார். பயந்தா இன்னும் மோசம்" என்றானாம். "பயந்தா எனக்கே வயிறு கலங்கும் சார்" என்று ரேடியோவும் கூடச் சேர்ந்தாராம். கேட்கவில்லை. சாயங்காலம் பட்டாசு வெடித்தது. முந்நூறு பறவை ஒரே மூச்சில் எழும்பின. எழும்பினபோது முந்நூறும் ஒரே மூச்சில் பாரத்தையும் இறக்கிவிட்டுப் போயின. மறுநாள் காலையிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு லைன் இல்லை.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டது. பெரிய டாக்டரைக் கூப்பிட வேண்டும். முன்னறை எழுத்தர் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் வாயிற்காவலர் சைக்கிளில் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். ஆண்டவன் கைவிடவில்லை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த "ஹலோ ஹலோ" என் காதை விட்டுப் போகவில்லை. அதைத் தம்பியிடம் நான் சொன்னது தப்போ என்னவோ. அதற்குப் பிறகு அவன் பேச்சு இன்னும் குறைந்துபோனது.

மேற்பார்வையாளர் பட்டாசைப் பற்றி வாயே திறக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "பல்லி, கோபுரம் உன் பொறுப்பு. அடுத்த சீசன்ல லைன் ஒரு தடவை போனாலும் நீ ஸ்டோருக்குப் போயிடு. வெளியேயிருந்து ஆள் வச்சுக்கறேன்" என்றார்.

ஸ்டோர் என்றால் இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

தம்பி யோசித்தான். பறவையை விரட்ட முடியாது, கழுத்தை மூடலாம் என்று முடிவு பண்ணினான். வளைத்த தகட்டில் சின்னச் சின்னக் குடை செய்வித்தான். சட்டத்துக்கு வடபுறம் ஆறு கழுத்து, தென்புறம் ஆறு கழுத்து. பன்னிரண்டுக்கும் குடை போட்டால் காற்றுப் பிடித்துக் கோபுரம் பாய்மரம் மாதிரி ஆகிவிடுமாம். ஆறு குடைக்குத்தான் கோபுரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எந்தப் பக்கம்?

வெயில் காலத்தில், கோபுரத்தைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து இரண்டு மாதம் கழித்து, தம்பி ஏறிப் பார்த்தான். வடபுறத்துக் கழுத்துகளில் புள்ளி புள்ளியாக எச்சம். தென்புறம் சுத்தம். சாக்கட்டியால் அடையாளம் போட்டான். வடபுறம் ஆறு குடையும் மாட்டினான். வேலை சரி என்று புத்தகத்தில் கையெழுத்தும் போட்டான்.

குளிர் ஆரம்பித்து, வெளியூர்க்காரரில் முதல் இருபது முப்பது வந்து இறங்கின வாரம். நான் வீட்டுப் பின்பக்கத்துத் தொட்டியடியில் உட்கார்ந்து தம்பியின் சட்டையை விரித்தேன். எலுமிச்சையை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. கறை இடது தோளில் இருந்தது.

எத்தனையோ மாதமாக நான் தேய்த்தது வலது தோளை. வலது தோள்பட்டைத் துணி தேய்ந்து நைந்தே போயிருந்தது. இது என்ன புதுசாக இடது? சரி, ஒரு நாள் அப்படி இருக்கும் என்று விட்டேன். மறுநாளும் இடது. அதற்கு மறுநாளும் இடது. எனக்கு மனசுக்குள் ஒரு அரிப்பு. ஒரு நோயாளி திடீரென்று வேறு பக்கம் புரண்டு படுத்தால் நாங்கள் நர்சம்மாவிடம் சொல்வோம், ஏதோ காரணம் இருக்கும் என்று. அந்த மாதிரி.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன். "ஏண்டா, ஏணிய மாத்திட்டாங்களா?"

"எந்த ஏணி?"

"நீ ஏறுற ஏணி. வேற பக்கம் வச்சிருக்காங்களா?"

"கோபுரத்து ஏணிய யாருக்கா மாத்துவா? அது கிழக்குப் பக்கம் வெல்டு வச்சு ஒட்டியிருக்கு."

"அப்ப நீ ஏறும்போது மேற்கப் பாத்துதானே ஏறுவ?"

"ஆமா."

"அப்ப வலது தோள் வடக்கு. இடது தோள் தெற்கு."

அவன் பெண்சாதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறாள், கேள்வி கேட்கிற குரல் கேட்டால் காது தானாகத் திரும்பும். "அண்ணி, நீங்க என்ன இவருக்குத் திசை பாடம் எடுக்கறீங்க?"

"பாடமெல்லாம் இல்லம்மா. இவன் சட்டைதான் பேசுது" என்று மூன்று நாள் சட்டையையும் கொண்டுவந்து போட்டேன். ஒன்றை மட்டும்தான் துவைத்திருந்தேன். மற்ற இரண்டையும் அப்படியே வைத்திருந்தேன்.

தம்பி ஒரு சட்டையை எடுத்தான். தோளைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"காத்து" என்றான்.

"என்ன காத்து?"

"பறவை எப்பவும் காத்த எதுத்துத்தான் உக்காரும்க்கா. இல்லன்னா இறகு கலஞ்சுடும். வெயில் காலத்துல காத்து தெக்கேருந்து. புறா தெக்கப் பாத்து உக்காரும், வால் வடக்க இருக்கும், எச்சம் வடக்க விழும். அதப் பாத்துதான் நான் குடை மாட்டினேன். இப்ப காத்து வடக்கேருந்து." கையால் ஒரு பறவையைத் திருப்பி உட்கார வைத்துக் காட்டினான். "இவங்க வடக்கப் பாத்து உக்காருவாங்க. வால் தெக்க."

"அப்ப குடை?"

"குடை மழை இல்லாத பக்கம் நிக்குது."

தம்பி சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்சாதிதான் பேசினாள். "சரி, திருப்பி மாட்டிடுங்களேன். அதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

திருப்பி மாட்டுவது சும்மா இல்லை. ஒவ்வொரு டிஷ்ஷாக நிறுத்த வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் ஏன் என்று கேட்பார். தன் தப்பு என்று அவன் சொல்ல வேண்டும். சொன்ன நிமிஷமே ஸ்டோர் சாவியைக் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயம். சொல்லாமல் இருந்தால், பத்து நாளில் பெரிய கூட்டம் வந்துவிடும்.

"மூணு சட்டையை வச்சு அவர்கிட்ட என்ன சொல்ல முடியும்?" என்றான். "சிரிப்பாரு."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் கிழிந்துபோன ஆபரேஷன் துணி ஒரு மூட்டை கிடந்தது. கரும்பச்சை. அதில் வெள்ளை விழுந்தால் பளிச்சென்று தெரியும். பொறுப்பாளரம்மாவிடம் கேட்டு வாங்கிவந்தேன். அவன் பெண்சாதி பன்னிரண்டு துண்டாகக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்தாள். ஒவ்வொன்றிலும் நூலால் வ-1, வ-2 என்றும் தெ-1, தெ-2 என்றும் நம்பர் போட்டாள். தம்பி வடபுறம் குடைகளின் மேலும் தென்புறம் கழுத்துகளின் மேலும் ஒவ்வொரு துண்டு கட்டினான். மூன்று நாள் கழித்து அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

கொடியில் வரிசையாகப் போட்டோம். பரீட்சைத் தாளை ஒட்டின மாதிரி இருந்தது. தெற்கு ஆறும் வெள்ளையடித்த சுவர். வடக்கு ஆறும் சுத்தம்.

"இல்ல, இங்க ஒண்ணு இருக்கு" என்றாள் அவன் பெண்சாதி. வ-4 என்ற துண்டில் நட்டநடுவே ஒரே ஒரு பெரிய வெள்ளை. காசு வைத்த மாதிரி வட்டமாக.

"இது எப்படி?" என்றேன்.

"எல்லாரும் ஒரு பக்கம் உக்காந்தா, எதுத்த பக்கம் திரும்பி உக்கார ஒருத்தர் இருப்பார்ல? அவங்க மேற்பார்வையாளரா இருக்கும்" என்றாள். தம்பிகூடச் சிரித்துவிட்டான். அந்த ஒரு வெள்ளையை அதோடு விட்டுவிட்டோம். அது சரியில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் அவன் துணியையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். போவதற்கு முன் சாமி படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். வழக்கமாக நிற்கிறவன் இல்லை. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆபீசில் நடந்ததைச் சாயங்காலம் ரேடியோ எங்கள் வாசலில் நின்று நடித்தே காட்டினார்.

"பல்லி போனான், மேசைமேல துணியெல்லாம் பரப்பினான். சார் மூக்கப் பொத்திட்டு, 'என்னய்யா இது, என் மேசையில மீன் மார்க்கெட்டு?'ன்னாரு. இவன், 'சார், குடைய தப்புப் பக்கம் மாட்டிட்டேன்'னான். ஒரே போடு! முன்னாடி ஒரு வார்த்தை, பின்னாடி ஒரு வார்த்தை கிடையாது. நான் கதவுப் பக்கம் நகர்ந்துட்டேன் அக்கா. சார் புத்தகத்த எடுத்தாரு. 'சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு?' 'நான்தான் சார்.' 'இப்பத் தப்புன்னு சொல்றது யாரு?' 'அதுவும் நான்தான் சார்.' 'ரெண்டு பல்லியில நான் எந்தப் பல்லிய நம்பறது?' இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'பல்லிய நம்ப வேணாம், துணிய நம்புங்க சார்'னான்."

"அப்புறம்?" என்றேன். என் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன. சார் ஒரு துணிய ஓரமா விரல் நுனியால தூக்கிப் பாத்தாரு. இன்னொண்ணப் பாத்தாரு. ஜன்னலத் திறந்து காத்து எங்கேருந்து வருதுன்னு கைய நீட்டிப் பாத்தாரு. ரொம்ப நேரம் கைய நீட்டிக்கிட்டே நின்னாரு. அப்புறம், 'ரெண்டு நாள் தர்றேன். ஆனா நான் சொன்ன சொல் சொன்னதுதான். லைன் போச்சுன்னா ஸ்டோர்'னாரு."

காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை பறவைகள் ஏரியில் மீன் பிடிக்கப் போகும். அந்த நேரத்தில்தான் வேலை. முதல் நாள் நான்கு குடை மாற்றினான். நான் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டே பார்த்தேன். இந்தத் தூரத்திலிருந்து அவன் ஒரு எறும்பு. கொடியில் கிளிப்பு மாட்டுகிற ஒவ்வொரு தடவையும், "ஆண்டவனே, அவன் பெல்ட்டு" என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் ஐந்தாவது குடை முடிந்தது. ஆறாவதைத் தூக்கிக்கொண்டிருந்தான். வடக்கே வானத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். மேகம் இறக்கை அடிக்காதே. பெரிய கூட்டம், நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. எங்கேயிருந்து வருகின்றனவோ, எத்தனை நாள் பறந்தனவோ, நேராக வந்து கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டன. உட்கார ஆரம்பித்தன. தம்பி சட்டத்துக்குக் கீழே. பறவைகள் சட்டத்துக்கு மேலே.

நான் கையிலிருந்த போர்வையைப் போட்டுவிட்டேன். ஈரப் போர்வை தரையில் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

கீழே நடந்ததையும் ரேடியோதான் சொன்னார். மேற்பார்வையாளர் வேலையைப் பார்க்க வந்திருந்தாராம். "அய்யய்யோ, ஆளு மேல இருக்கான், பட்டாசு போடு, பட்டாசு போடு!" என்று கத்தினாராம். போன வருஷத்து மிச்சப் பட்டாசு ரேடியோ கையில். அந்த நேரத்தில் கயிறு இரண்டு தடவை இழுபட்டது. இரண்டு இழுப்பு என்றால் சும்மா இரு என்று அர்த்தம். மறுபடி இரண்டு இழுப்பு. ரேடியோ பட்டாசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றுமே பேசாமல் நின்றாராம்.

மேலே தம்பி தகட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறான். முந்நூறுக்கு மேல் பறவை தலைக்கு மேல். வேகமாக அசைந்தால்தான் அவற்றுக்குப் பயம், மெதுவாக அசைந்தால் கோபுரத்தில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொள்ளுமாம். அவன் உண்மையிலேயே பல்லியாகிவிட்டான். ஒரு கையை நகர்த்துவதற்கு ஒரு நிமிஷம். ஒரு போல்ட்டைச் செருகப் பத்து நிமிஷம். நாலு போல்ட்டு. ஒரு பறவைகூடக் கிளம்பவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கினான்.

அன்றைக்கு நான் துவைத்த சட்டை இருக்கிறதே, அதில் இடது வலது ஒன்றும் கிடையாது. காலர் முதல் முழங்கை வரை ஒரே வெள்ளை. எலுமிச்சை ஏழு பிடித்தது.

"இன்னிக்கு சட்டை என்ன சொல்லுது அண்ணி?" என்று கேட்டாள் அவன் பெண்சாதி.

"எல்லாத்தையும் சொல்லுது, ஒண்ணும் புரியல" என்றேன்.

ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை. குடை மேல் எச்சம் விழுந்து வழிந்து கீழே போனது, கழுத்து காய்ந்து கிடந்தது. தம்பி சாப்பிட ஆரம்பித்தான். நான் தினமும் முன்னறையைத் தாண்டும்போது எழுத்தரின் போனைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவேன். ஆறாவது வாரம் ஒரு காலையில் எழுத்தர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, "என்ன இது, வறுக்கிற சத்தம் கேக்குது?" என்றார். வாங்கிக் கேட்டேன். கரகர என்று அடியில் ஒரு சத்தம். பேச்சு போகவில்லை. ஆனால் சத்தம் இருந்தது.

எல்லாக் குடையும் சரியான பக்கத்தில் இருக்கிறதே, வேறு எங்கே? துவைக்கிற அறைக்கு வந்து ஒரு துணியைத் தொட்டேன். கரும்பச்சை ஆபரேஷன் துணி. அந்த ஒற்றை வெள்ளை கண் முன்னால் வந்து நின்றது. கடவுள் சில சமயம் துணியாகத்தான் பேசுவார் போலிருக்கிறது.

முன்னறைக்கு ஓடி, எழுத்தரின் போனிலிருந்தே, அந்தக் கரகரப்புக்குள்ளேயே, கோபுரத்தடி அறைக்குக் கூப்பிட்டேன். ரேடியோதான் எடுத்தார்.

"தம்பிகிட்ட சொல்லுங்க. வடக்கு நாலு. அந்த ஒத்தப் பொட்டு."

"என்னக்கா பொட்டு?"

"சொல்லுங்க, அவனுக்குத் தெரியும்!"

அவன் ஏறினான். வடபுறம் நாலாம் கழுத்து. அந்த ஒரே ஒரு பறவை, தினமும் அதே இடத்தில், அதே மாதிரி திரும்பி உட்கார்ந்து, அந்த ஒரே ஒரு கழுத்தின் பட்டையைக் கிட்டத்தட்ட அரித்து முடித்திருந்தது. ஈரம் உள்ளே கசிய ஆரம்பித்திருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் லைனே போயிருக்கும் என்றான். பட்டையை வெட்டிப் புதுசு சுற்றி இறங்கினான்.

மேற்பார்வையாளர் கீழே காத்திருந்தார். "கரகரன்னு கேட்டுதே" என்றாராம்.

"கேட்டுது சார்."

"போச்சா?"

"போகல சார்."

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாராம். "சொன்ன சொல் சொன்னதுதான். லைன் போனாத்தான் ஸ்டோர். கரகரன்னா ஸ்டோர்னு நான் சொல்லல" என்று திரும்பினவர், நின்று, "போன வருஷம் பட்டாசு போடச் சொன்னது நான்தான்" என்றாராம். ரேடியோ இதை மட்டும் நடித்துக் காட்டவில்லை. சும்மா சொன்னார்.

ஏழாவது குடைக்கும் தகடு போட்டால் காற்று ஜாஸ்தி பிடிக்கும். நான் துவைக்கிற அறையில் அடி தேய்ந்த ஒரு சின்ன எனாமல் கிண்ணம் இருந்தது. அளந்து பார்த்து, பரவாயில்லை என்று மேற்பார்வையாளரே ஒப்புக்கொண்டார். தம்பி அதைக் கவிழ்த்து வடக்கு நாலுக்கு மாட்டினான். மறுவாரம் இறங்கி வந்து, "டங்குன்னு ஒரு சத்தம் கேக்குதுக்கா, குறி தப்பறதே இல்ல" என்றான். அந்த வாரம் அவன் மூன்று தட்டுக்குக் குறையவில்லை.

இப்போது மொட்டை மாடியில் போர்வை உலர்த்தும்போது நானும் பார்க்கிறேன். முந்நூறு பறவையும் வடக்கே முகம் வைத்து, காற்றைப் பார்த்து அமைதியாக இருக்கின்றன. அந்த ஒன்று மட்டும் தெற்கே பார்த்து, முதுகில் காற்று அடித்து, இறகெல்லாம் கலைந்து பரட்டையாக உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று தம்பிக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மதியம், பறவைகள் ஏரிக்குப் போன நேரத்தில், அது உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெல்ட்டை மாட்டிக்கொண்டு அதே பக்கம் பார்த்தானாம்.

"என்னடா தெரிஞ்சுது?" என்றேன்.

"வேற என்ன, நீ காயப் போட்டிருக்கிற வெள்ளைப் போர்வைதான் தெரியுது. எதுல விழுந்தா அக்கா அதிகமாத் தேய்ப்பான்னு கணக்குப் போடுதோ என்னவோ."

மறுநாள் மொட்டை மாடியில் நான் கொடியில் இன்னொரு கிளிப்பை மாட்டினேன். அந்தப் பரட்டைப் பறவை இன்னும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.